கச்சான் குடித்த பால்: மலையில் நின்றுபோன ஒரு சைக்கிளின் பழுது ஆய்வு

கண்டிக்கு அப்பால், நக்கிள்ஸ் மலையில், கோர்பெட் கணவாயிலிருந்து மீமுரே கிராமத்துக்கு இறங்கும் பாதையில், ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் பிற்பகலில், என் மருமகனின் சைக்கிள் காற்றிழந்து நின்றது. பஞ்சர் உலகத்துக்குப் புதினம் இல்லை. ஆனால் அன்று ஒரே பின்சக்கரம் நான்கு முறை காற்றிழந்தது. நான்கு முறையும் காரணம் வேறு வேறாகத் தோன்றியது. ஊர் திரும்பிச் சக்கரத்தைப் பிரித்துப் பார்த்தபோது நான்குக்கும் பிறப்பிடம் திருகோணமலை உப்புவெளியில் உள்ள அக்கா வீட்டு விறாந்தை என்று தெரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் நீர்ப்பம்பிகள் திருத்துகிறவன். பழுது அறிக்கை எழுதிப் பழகிய கை. ஒரு பம்பி எங்கே நின்றது என்று கேட்பதற்கு முன், அதற்கு முந்திய மூன்று மாதம் அது எப்படிக் கிடந்தது என்று கேட்க வேண்டும் என்பது எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லித் தரும் பாடம். மலையில் நின்றிருந்தபோது அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. குளிரில் மூளை சுருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

வண்டிகள்

கிரவல் என்றால் எங்கள் பகுதியில் டிப்பரில் வந்து இறங்கும் செம்மண் கல். ஆகவே "கிரவல் சைக்கிள்" என்று மருமகன் முதன்முதலில் சொன்னபோது அக்கா, "வீதி போடுகிற சைக்கிளா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் பிழை இல்லை. தோற்றத்தில் அது வளைந்த கைபிடி கொண்ட ரேஸ் சைக்கிள்தான். ஆனால் டயர் 40 மில்லிமீற்றர் அகலம், டிஸ்க் பிரேக், முன்னால் 40 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 42. மிதியை ஒரு முறை சுற்றினால் சக்கரம் ஒரு முழுச் சுற்றுக்கும் சற்றுக் குறைவாகவே சுழலும் அந்தக் கியரில், மூச்சு இருக்கும்வரை எந்த ஏற்றத்தையும் ஏறலாம். சுவிஸில் இருக்கும் சின்னக்கா, தன் மகன் ஓடியதை அனுப்பியிருந்தாள்.

அந்தச் சக்கரங்களில் டியூப் கிடையாது. டயர் நேரே ரிம்மோடு, அதாவது சக்கரத்தின் உலோக வளையத்தோடு, பொருந்தி நிற்கும். உள்ளே வெள்ளைத் திரவம் ஒன்று கிடந்து ஆடும். சீலண்ட் என்பது அதன் கடைப் பெயர். நாங்கள் பால் என்போம், ஏனென்றால் பெரும்பாலான சீலண்டுகளின் அடிப்படை ரப்பர் பால்தான். முள் குத்தினால் காற்றோடு சேர்ந்து பாலும் ஓட்டைக்கு ஓடிவரும். அங்கே உறைந்து அடைத்துக்கொள்ளும். ஓடுகிறவனுக்கு முள் குத்தியதே தெரியாது. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்திருங்கள். வழக்கின் பாதி அதில் இருக்கிறது.

என்னுடையது 26 அங்குல மலைச் சைக்கிள். பதினைந்து வயது. டியூப் போட்டது, பாரம், அழகில்லை. மருமகன் அதை "மாமாவின் உழவு இயந்திரம்" என்பான்.

இரண்டையும் ஓடிப் பழகியது எங்கள் ஊர் மண்ணில். திருகோணமலையின் பெயரில் மலை இருக்கிறது. சைக்கிளில் ஏறுவதற்கு அதிகம் இல்லை. கோட்டை வாசலால் புகுந்து, மான்கள் பார்த்துக்கொண்டு நிற்கக் கோணேசர் கோயிலடிக்கு ஏறுவதுதான் எங்கள் ஏற்றப் பயிற்சி. அதைப் பத்து முறை ஏறி இறங்கினாலும் ஆட்கள் நேர்த்திக்கடன் என்று நினைப்பார்களே தவிர மலை ஆகாது. மற்றபடி குளக்கட்டுகள்தான் எங்கள் கிரவல். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு அப்பால், பெரியகுளம் பக்கம், இராஜராஜப் பெரும்பள்ளி என்று சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் சொல்லும் வெல்கம் விகாரை வரை செல்லும் பாதைகள். அமைதி, நிழல், நல்ல செம்மண். அதோடு நெருஞ்சி. மஞ்சள் பூப் பூத்து மண்ணோடு மண்ணாகப் படர்ந்து, காய்ந்ததும் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்க்கும்படி கிடக்கும் அந்தக் காய், சைக்கிள் டயருக்கென்றே படைக்கப்பட்டது போல.

பாதை

மச்சான் மீன் லொறி ஓடுகிறார். வெள்ளி இரவு மீன்பெட்டிகளுக்கு மேலே சைக்கிள்களைக் கட்டி, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்குப் போய், பெட்டிகளை இறக்கிவிட்டு, விடிந்ததும் எங்களைத் தெல்தெனியாவில் விட்டார். அன்று பகல் முழுவதும் எங்கள் சைக்கிள்களில் பாரை மீன் வாடை. ஹுன்னஸ்கிரிய சந்தியில் மூன்று நாய்கள் மரியாதையோடு பின்தொடர்ந்தன.

ஹுன்னஸ்கிரியவில் மகியங்கனை வீதியை விட்டு இடப்பக்கம் திரும்பினால் வாகனச் சத்தம் அறுந்துவிடும். லூல்வத்தைத் தேயிலைத் தோட்டங்கள், பிறகு காடு, பிறகு கணவாய். நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஊடாகச் செல்லும் பாதை இது. கண்டிப் பக்கமிருந்து பார்க்கும்போது மடக்கிய கைவிரல் மொளிகள் போலத் தெரிவதால் அந்தப் பெயர். 1906 மீற்றர் உயரமான கொம்பனிய சிகரம் இதில்தான் இருக்கிறது. 2010இல் மத்திய மலைநாட்டின் மற்ற இரு காடுகளோடு சேர்த்து யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றியது. ஒரு காலத்தில் காட்டுக்குள்ளே ஏலக்காய் பயிரிட்டார்கள். காய வைத்த சூளைகளின் எச்சங்கள் இன்னும் உண்டு. கணவாய்க்கு அப்பால் பாதை காட்டுக்குள் வளைந்து வளைந்து மீமுரே வரை இறங்குகிறது. நாங்கள் போன நாளில் அங்கே தார் சில இடத்தில், கொங்கிரீட் சில இடத்தில், மீதி இடத்தில் கல்லும் மண்ணும் நீரோட்டம் அரித்த வாய்க்கால்களும்.

ஏற்றத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏறினோம். மருமகன் முன்னால், நான் பின்னால், பிறகு நான் இறங்கி நடந்து பின்னால். லூல்வத்தையில் தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றின் முன் பிளேன்ரீ வாங்கிக் குடித்தோம். அந்த அம்மா எங்கள் சைக்கிள்களைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "திருக்கோணமலையில் இருந்தா? கடலை விட்டுவிட்டு இங்கே எதற்கு ஐயா?" என்று கேட்டார். சரியான பதில் எங்களிடம் இருக்கவில்லை.

கணவாயில் நின்றபோது காற்று ஆளைத் தள்ளியது. தென்மேல் பருவக்காற்று, மேகத்தைச் சுமந்துவந்து மலையில் உரசி, ஈரத்தை எல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு, மறுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. மரங்கள் கட்டையாக, ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. அந்தக் காற்றைப் பிறகு திரும்ப எடுக்கிறேன்.

அந்தப் பிற்பகல்

ஒன்று. கணவாயில் மருமகன் பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். மெத்தென்று இருந்தது. என் காற்றழுத்த அளவுகோலை வைத்தோம்: 22 பி.எஸ்.ஐ. முதல் நாள் மாலை வீட்டில் நின்ற பம்பால் 35 ஏற்றியிருந்தான்.

"குளிரால் குறைந்திருக்கும் மாமா. பௌதிகவியலில் படித்தேன்."

நானும் தலையாட்டினேன். பையன் படித்தது சரிதான். கணக்குத்தான் போடவில்லை. ஊர் திரும்பிய பிறகு நான் கணக்குப் போட்டேன். விறாந்தையின் 33 பாகையிலிருந்து கணவாயின் 17 பாகைக்கு வந்தால் 35இல் குறைவது ஏறக்குறைய இரண்டரை பி.எஸ்.ஐ. ஆயிரம் மீற்றர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவுகோல் அதில் ஒன்றரையைத் திருப்பிக் காட்டும். ஆக, குளிரின் கணக்கில் எழுதக்கூடியது ஒரே ஒரு பி.எஸ்.ஐ. மீதிப் பன்னிரண்டுக்கு வேறு ஆள் பதில் சொல்ல வேண்டும். கைப்பம்பால் மறுபடி அடித்தோம். பம்பு கல்லை அழுத்துவது போல இறுகியது. பழைய பம்பு என்று அதைத் திட்டினோம்.

இரண்டு. இறக்கத்தில் சிறிது தூரம் போனதும் கூரான கல்லொன்று. ரிம் தட்டிய சத்தம் எனக்குக் கேட்டது. டயரில் நெல்மணி அளவு வெட்டு. காற்று சீறியது. அவன் பழக்கப்படி சக்கரத்தைச் சுற்றி, ஓட்டை கீழே இருக்கும்படி நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். பால் வந்து அடைக்க வேண்டும். காற்று மட்டும் வந்தது. ஒரு சொட்டு வெள்ளை வரவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த ஒன்றிலேயே முழு நோயும் எழுதியிருந்தது. வாசிக்கவில்லை. டயரில் குத்திச் செருகும் ஒட்டுத்திரியும் எங்களிடம் இல்லை, பால் இருக்கிறதே என்ற தைரியத்தில்.

மூன்று. வால்வைக் கழற்றி, டயரை விரித்து, மேலதிக டியூபை உள்ளே போட்டு அடித்தான். பத்து நிமிடம் ஓடினான். தட்டை.

நான்கு. டியூபை எடுத்துக் காதருகே வைத்து ஓட்டையைத் தேடி, சொலூஷன் பூசி ஒட்டுப் போட்டோம். தூறலில் சொலூஷன் காய்வதற்கு அவன் மழைக்கோட்டைக் கூடாரமாகப் பிடித்துக்கொண்டு நின்றான். மறுபடி போட்டு அடித்தோம். நூறு மீற்றர். தட்டை. ஓட்டை வேறு இடத்தில்.

டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தீர்களா என்று சைக்கிள் தெரிந்த எவரும் கேட்பார். தடவினோம். விறைத்த விரல். உள்ளே காய்ந்த ரப்பர் படலம் வேறு, பழைய சுவரில் சுண்ணாம்பு உரிந்தது போலச் சொரசொரப்பாக. எது முள், எது படலம் என்று தெரியவில்லை. இரண்டாவது ஒட்டுக்கு வெளிச்சமும் இல்லை, பொறுமையும் இல்லை. மிச்சத் தூரத்தை அட்டைகளுக்கு இரத்ததானம் செய்தபடி நடந்தே இறங்கினோம்.

மீமுரேயில் நாங்கள் தங்கிய வீட்டு இளைஞருக்குத் தமிழ் தெரியாது; எனக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம். நான் பாதி சொல்வதற்குள் அவர் டயரைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி பிரட்டி மடியில் வைத்துக்கொண்டார். விரலால் தொடவே இல்லை. பழைய சாரத் துண்டு ஒன்றை உள்ளங்கையில் சுருட்டி, டயரின் உட்புறமாக மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். துணி ஓரிடத்தில் நூல் இழுபட்டு நின்றது. குறட்டால் பிடித்து இழுத்தார். "கட்டு" என்றார், சிங்களத்தில் முள். மறுபடி இழுத்தார், மறுபடி நின்றது. குப்பி விளக்கு இல்லை, நல்ல மின்விளக்குத்தான். அதன் கீழே ஒரு செய்தித்தாளில் நெருஞ்சி முள் நுனிகளை வரிசையாக வைத்தார். ஒரு சுற்றில் ஒன்பது. இரண்டாம் சுற்றில் நான்கு. அவர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர்கள் பக்கத்தில் அந்த முள்ளைப் பார்த்ததில்லையாம். நாங்கள் கொண்டுபோனது.

முற்றத்திலிருந்து பார்த்தால் லக்கேகல சிகரம் ஈட்டி முனை போல எழுந்து நிற்கும். அங்கும் இராவணன் கதை உண்டு என்று காலையில் சொன்னார். எங்கள் ஊரிலும் அவன் வெட்டிய பாறை இருக்கிறது என்றேன். அந்த அளவுக்குச் சந்தைச் சிங்களம் போதும்.

விறாந்தையில் பிரித்தபோது

திங்கள் மாலை முன் டயரைக் கழற்றினேன். அது பிரச்சினை கொடுக்காத சக்கரம். ஆகவே தொடப்படாத சாட்சி. ரிம்மிலிருந்து ஒரு பக்கத்தை நெம்பித் திறந்ததும் முதலில் வந்தது வாசம்: ரப்பர், கொஞ்சம் அமோனியா. பாலில் ஒரு சொட்டும் இல்லை. டயரின் ஓரிடத்தில் மட்டும், என் உள்ளங்கை அகலத்துக்கு, மஞ்சள் பூத்த வில்லை ஒன்று ஒட்டிக்கிடந்தது. கிண்ணியாத் தயிர்ச் சட்டியைக் கழுவாமல் வெயிலில் வைத்தால் அடியில் பிடிக்கும் ஆடையை நினைத்துக்கொள்ளுங்கள். நகத்தால் நெம்பினால் முழுதாக உரிந்து வந்தது.

அது ஓரிடத்தில் மட்டும் இருந்ததுதான் முக்கியம். சக்கரம் சுழன்றிருந்தால் பால் சுற்றிலும் பரவிக் காய்ந்திருக்கும். வில்லையாகக் கிடந்தால், சுழலாமல் நின்ற சக்கரத்தின் அடியில் குளமாகத் தேங்கி அங்கேயே உறைந்திருக்கிறது. மருமகனைக் கேட்டேன். பால் ஊற்றியது பெப்ரவரியில். சித்திரைப் புத்தாண்டு வரை ஓடினான். அதன் பிறகு பரீட்சை. சைக்கிள் தகரக் கூரை போட்ட விறாந்தையில், மேற்குப் பக்கச் சுவரோடு சாய்ந்து, ஜூலை வரை.

அந்த மூன்று மாதத்தில் பெரும்பகுதி கச்சான் வீசும் காலம். கடலையைக் கச்சான் என்பதும் எங்கள் ஊர்வழக்கு. நான் சொல்வது காற்றை. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை மேற்கிலிருந்து நெருப்பாக வரும். நனைத்துப் போட்ட சாரம் வெற்றிலை போட்டு முடிவதற்குள் காய்ந்துவிடும். அது எங்கிருந்து வருகிறது? தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே இறங்கும்போது சூடேறி உலர்ந்து எங்களிடம் வருகிறது. கணவாயில் எங்களை நனைத்துத் தள்ளிய அதே காற்று. மீமுரேயிலிருந்து திருகோணமலை நேர்கோட்டில் ஏறக்குறைய 130 கிலோமீற்றர்தான்.

ரப்பர் பாலைத் திரவமாக வைத்திருப்பது அதிலுள்ள நீரும், உறையாமல் தடுக்கச் சேர்த்த அமோனியாவும். டயர் குடம் போல அடைத்த பாத்திரம் இல்லை. பக்கச் சுவர் வழியாக நீராவி மெல்ல மெல்லக் கசியும். குளிர்நாட்டில் அரை ஆண்டு தாங்கக்கூடிய பால், சூடும் உலர்வும் சேர்ந்தால் இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துபோகும். சின்னக்காவின் மகன் அனுப்பிய குறிப்பில் "ஆறு மாதத்துக்கு ஒரு முறை" என்று இருந்தது. அவர்கள் ஊருக்கு அது சரி.

இனி நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பின்சக்கரத்து வால்வின் உட்பகுதியைத் திருகி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். துவாரத்தில் காய்ந்த பால். ஊசியால் குத்தினால் அரிசிக்குருணை போல உதிர்ந்தது. வால்வு அடைபட்டிருந்தால் பம்பிலுள்ள அழுத்தமானி டயருக்குள் இருப்பதைக் காட்டாது. குழாய்க்குள் நெரிபடும் காற்றைக் காட்டும். ஆகவே வெள்ளி மாலை அந்த டயரில் 35 ஒருபோதும் ஏறியிருக்காது. கணவாயில் பார்த்த 22 பெரும்பாலும் வீட்டிலிருந்தே கொண்டுபோன 22. பம்பு இறுகியதற்கும் அதுவே காரணம். பாவம், அதைத் திட்டினோம். காற்றுக் குறைந்த டயர் கல்லில் நசுங்கி வெட்டுப்பட்டது. பால் இல்லாததால் வெட்டு அடைபடவில்லை. டியூப் போட்டதும், பெப்ரவரி முதல் சித்திரை வரை குளக்கட்டில் குத்தி, பாலால் அடைபட்டு, நுனி முறிந்து உள்ளேயே நின்ற நெருஞ்சிகள் தங்கள் வேலையைச் செய்தன.

கூரான கல், மோசமான டயர், மருமகன் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத குணம் என்று நான் முதலில் எழுதி வைத்திருந்த மூன்று காரணங்களையும் வெட்டினேன். அந்தக் குணம் உண்மைதான். ஆனால் இந்த வழக்கில் அவன் குற்றவாளி இல்லை. அதே கல்லுக்கு மேலேதான் என் உழவு இயந்திரமும் போனது.

என் டயரில் ஏன் முள் இல்லை என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. நான் கவனமானவன் என்று சொல்ல ஆசையாக இருந்தது. உண்மை வேறு. டியூப் போட்ட சைக்கிளில் முள் குத்தினால் அன்று மாலையே காற்றுப் போய்விடும். முள்ளைப் பிடுங்காமல் மறுநாள் ஓட முடியாது. பாலுள்ள டயர் எதையும் சொல்லாது. பதின்மூன்று முள்ளை விழுங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடும்.

மாற்றியவை

அதிகம் இல்லை. சைக்கிள் இப்போது விறாந்தையில் இல்லை. உள்ளறையில் கொளுவியில் தொங்குகிறது. அக்கா முதலில் மறுத்தாள். பிறகு அதில் துணி காயப் போடலாம் என்று கண்டதும் சம்மதித்தாள். போகிற வருகிற யாரும் சக்கரத்தை ஒரு தரம் சுற்றிவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். சின்னப் பிள்ளைகள் தேவைக்கு மேலேயே சுற்றுகிறார்கள்.

மாதம் ஒரு முறை சக்கரத்தைக் கழற்றிக் காதோடு வைத்து, தேங்காயில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது போல ஆட்டிப் பார்க்கிறோம். சலசலப்பு சந்தேகமாக இருந்தால் வால்வின் உட்பகுதியைக் கழற்றி, துவாரத்தைக் கீழே திருப்பி நிறுத்திவிட்டு, ஓர் ஈர்க்கை உள்ளே விட்டு எடுப்போம். ஈர்க்கு நுனியில் எவ்வளவு நனைந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. இதற்கென்று தனி அளவுகோல் விற்கிறார்களாம். எங்கள் வளவில் தென்னை நிற்கிறது. கச்சான் காலத்தில் ஆறு வாரத்துக்கு ஒரு தரம் பால் ஊற்றுகிறோம், ஒரு சக்கரத்துக்கு 60 மில்லிலீற்றர். பயணத்துக்கு முன் டயரைப் பிரட்டிச் சாரத் துண்டால் ஒரு சுற்று. பையில் ஒட்டுத்திரியும், மேலதிக வால்வும், ஒரு குறடும்.

மார்ச் கடைசியில், பரீட்சை முடிவுகள் வருவதற்கு முன், மறுபடி அதே பாதையில் போனோம். கணவாயில் அளவுகோல் 34 காட்டியது. மருமகன் அதைப் படம் எடுத்துக்கொண்டான். இறங்கும்போது ஓரிடத்தில் அவன் பின்சக்கரத்திலிருந்து ஒரு வெள்ளைக் கோடு பீறிட்டு என் முகத்தில் அடித்தது. மூன்று நான்கு சுற்றில் நின்றது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு கணக்கு இன்னும் தீரவில்லை. முன்சக்கரம் ஒரு நாளைக்கு மூன்று பி.எஸ்.ஐ. இழக்கிறது. சவர்க்கார நீர் பூசினேன், குமிழி வரவில்லை. ரிம்முக்குள் ஒட்டும் நாடாவை மாற்றினேன், அப்படியே. விறாந்தைச் சுவரில் திகதி போட்டுச் சோக்கால் எழுதி வருகிறேன். நேற்று 31, இன்று காலை 28.